மாந்தோப்பு எல்லை தாண்டிய மதியம்

மே மாதம், பள்ளிப்பட்டு. மதியம் இரண்டே கால்.
தசரதுலு நாயுடு தோப்பின் வடமேற்கு மூலைக்கல்
ஆந்திராவுக்குப் போய்விட்டது.

யாரும் பிடுங்கி நடவில்லை.
ஆறு இழுத்துப்போக ஆற்றில் தண்ணீரும் இல்லை,
லாரித் தடம்தான் ஓடுகிறது.
கல் இருந்த இடத்தில் வெயில் காய்ந்துகொண்டிருக்க
என் திரையில் மட்டும்
நூற்று இருபத்தெட்டு மீட்டர் தள்ளி
நகரிப் பக்கம் நின்றது.

நூற்று இருபத்தெட்டு.
எண்ணைப் பார்த்ததும் ஆளைத் தெரிந்துவிட்டது.
மனிதன் செய்த தப்பென்றால்
நூற்றுப்பதின்மூன்று, எழுபத்தொன்றரை என்று
கோணல்மாணலாய் வரும்.
இரண்டை இரண்டால் பெருக்கிப் பெருக்கி
ஏழாம் படியில் நிற்கிற இவ்வளவு சுத்தமான தப்பு
ராமுக்குத்தான் வரும்.
ஒரே ஒரு பிட், சூடு தாங்காமல்
புரண்டு படுத்திருக்கிறது.

ட்ரோன் எடுத்த ஆயிரத்து நானூறு படங்களை
ஒரே நிலமாய்த் தைப்பது என் பிழைப்பு.
கடையில் வாங்கும்போது ராமின் வேகம் மூவாயிரத்து இருநூறு.
மூவாயிரத்து எண்ணூறுக்கு முறுக்கியது நான்.
வோல்டேஜும் கொஞ்சம் கூட்டி ஊட்டினேன்.
இரவெல்லாம் சமர்த்தாய் ஓடும்.
பகலில் இந்தத் தகரக் கூரைக்குக் கீழே ஐம்பத்தெட்டு டிகிரி.

கவசத்தைக் கழற்றினேன்.
மேலே கறுப்பு பெயின்ட், புலி நகம் கீறியதுபோல் சிவப்புக் கோடு.
உள்ளே சாக்லேட் காகிதத்துக்கு அண்ணன் முறையில் ஒரு அலுமினியம்,
அதற்கும் சில்லுக்கும் நடுவே பஞ்சு நாடா.
இத்தனை நாளாய் மே மாதத்தில்
கம்பளி போர்த்தி வைத்திருக்கிறேன்.

முனிரத்தினம் பாத்திரக் கடையில்
ஒன்றரை மில்லி செப்புத் தகடு கேட்டேன்.
எட்டுத் துண்டு, விரல் நீளம்.
"யந்திரம் எழுதவா? எந்த சாமி?"
"ஞாபக சாமி."
மறுபேச்சில்லாமல் வெட்டிக் கொடுத்தார்,
முனையில் மஞ்சள் தடவி.
அந்த மஞ்சளை ஸ்பிரிட்டால் துடைக்கத்தான்
அரைமணி ஆனது.

பழைய பசையை இளக்க
மாடி பியூட்டி பார்லர் யாமினியின் ஹேர் டிரையர்.
அறுக்க, பக்கத்துத் தறி ஷெட்டிலிருந்து
நாலு முழம் பாலியஸ்டர் நூல்.
பசை சூடேறியதும் நூலை நுழைத்து
இப்படியும் அப்படியும் இழுக்க வேண்டும்,
இட்லித் துணியை உரிக்கிற பொறுமையோடு.
முதல் குச்சி வந்தது. இரண்டாவது வந்தது.
மூன்றாவதில் போன் அடித்தது, நாயுடு.
ஒரு கையால் எடுத்தேன்,
மறு கையால் இழுத்தேன்.
டிக் என்று ஒரு சத்தம்.
கவசத்தோடு ஒரு சில்லும் ஒட்டிக்கொண்டு வந்தது,
அடியில் வரிசையாய் ஈயப் புள்ளிகள்,
பல் பிடுங்கிய ஈறு மாதிரி.

"ஏமய்யா, மேப் ரெடியா?" என்றார் அவர்.
"ஒக்க நிமிஷம்" என்றேன்.
நாலாவதைத் தொட அன்றைக்குத் தைரியம் வரவில்லை.

பிழைத்த இரண்டுக்கும்
அரை மில்லி பேட் வைத்து, இருபுறமும் செம்பு வைத்து,
ஸ்டேஷனரிக் கடை கிளிப்பால் கவ்வவைத்தேன்.
பார்க்கச் சகிக்காது.
ஆனால் மறுநாள், அதே வெயில், அதே இரண்டே கால்:
நாற்பத்தாறு டிகிரி.
சோதனையில் பிழை பூஜ்யம்.
பாதி ராம் போனதால்
தையலுக்குத்தான் இரண்டு மடங்கு நேரம்.

மூலைக்கல் தமிழ்நாட்டுக்குத் திரும்பியது.
நாயுடு வந்து திரையைப் பார்த்தார்.
"நேத்து எந்தப் பக்கம் இருந்துச்சு?"
"அந்தப் பக்கம்."
"எத்தனை மரம் போச்சு?"
"பதினொண்ணு."
விரல் விட்டு எண்ணினார்.
"அந்தப் பதினொண்ணும் காய்க்கிறதே இல்ல.
அப்படியே விட்டிருக்கலாமே நீ."

அவர் போனபின்
டேபிள் ஃபேனை ராம் பக்கம் திருப்பினேன்.
நேற்றைய தப்பு வரைபடத்தை நாலாய் மடித்து
எனக்கு வீசிக்கொண்டேன்.
காய்க்காத பதினோரு மரமும் ஆந்திராவிலிருந்து
கொஞ்சம் காற்று அனுப்பின.